பெட்ரோலில் எத்தனால் இல்லை, டீசலில் செம்பனை உண்டு: கூடுதல் செலவு யார் தலையில்?

இந்தியாவில் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து விற்பது பற்றிய காணொளிகள் 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து நம்மவர் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றி வருகின்றன. மைலேஜ் குறைகிறது, ரப்பர் குழாய் கெட்டுப்போகிறது, பழைய மோட்டார் சைக்கிள் திணறுகிறது என்பவை அங்குள்ள புகார்கள். அதைப் பார்ப்பவர்களுக்கு இயல்பாக எழும் கேள்வி ஒன்றுதான். இங்கேயும் கலக்கிறார்களா?

பெட்ரோலைப் பொறுத்தவரை, எத்தனால் கலக்க வேண்டும் என்ற கட்டாயம் மலேசியாவில் இல்லை. ஆனால் கிள்ளானிலிருந்து துறைமுகத்துக்கு ஓடும் லோரி, பிரிக்பீல்ட்ஸில் காலையில் பிள்ளைகளை ஏற்றும் பள்ளி பஸ், சிறு குத்தகையாளரின் பிக்-அப் ஆகியவற்றின் டாங்கியில் தாவர எரிபொருள் பல ஆண்டுகளாக இருக்கிறது. அது கரும்பிலிருந்து வரவில்லை. நம்மவர் நட்டு, உரம் போட்டு, குலை அறுத்த செம்பனையிலிருந்து வருகிறது. அதனால் இந்தியாவின் எத்தனால் சண்டை நமக்கு வேடிக்கை பார்க்கும் செய்தி மட்டும் அல்ல.

இந்தியாவில் என்ன நடந்தது?

எத்தனால் என்பது சாராயம்தான். கரும்புச் சாறு, ஆலைக் கழிவுப்பாகு, சோளம், உடைந்த அரிசி எதைப் புளிக்க வைத்தாலும் கிடைக்கும். எஞ்சினில் நன்றாகவே எரியும். அதன் ஆக்டேன் அளவு பெட்ரோலை விட அதிகம். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். அதற்கென வடிவமைக்காத வண்டியின் குழாய்களுக்கும் அடைப்பு வளையங்களுக்கும் அது ஆகாது.

எத்தனாலுக்கு ஏற்ப வடிவமைக்கப்படாத நான்கு சக்கர வண்டியில் 20 விழுக்காட்டுக் கலவையால் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 7 விழுக்காடு வரையிலும், இரு சக்கர வண்டியில் 3 முதல் 4 விழுக்காடு வரையிலும் குறையலாம் என்று இந்தியாவின் நிதி ஆயோக் 2021ஆம் ஆண்டிலேயே அறிக்கையில் எழுதியிருக்கிறது. எனவே மக்கள் புகார் வெறும் புரளி அல்ல. எஞ்சின் மொத்தமாகப் போய்விடும் என்று சிலர் பரப்புவதுதான் மிகை.

2030க்கு வைத்திருந்த 20 விழுக்காடு இலக்கை இந்தியா 2025க்கு முன்னிழுத்தது, எட்டியும் விட்டது. கச்சா எண்ணெய் இறக்குமதிச் செலவு குறைகிறது, கரும்பு விவசாயிக்குப் பணம் போகிறது என்பது அரசின் வாதம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் பம்பில் வேறு தேர்வே வைக்காமல், விலையையும் குறைக்காமல், பழைய வண்டிக்காரர்களையும் அதே கலவையை வாங்க வைத்தார்கள். எத்தனால் இல்லாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல வழக்கை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1ஆம் தேதி தள்ளுபடி செய்தது. கோபம் எத்தனால் மீது என்பதை விட, கேட்காமல் தலையில் கட்டியதன் மீது என்று கொள்வதே சரி.

மலேசியா ஏன் அந்தப் பக்கம் போகவில்லை என்பதற்குக் காரணம் எளிது. நம்மிடம் கரும்பு இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் நம் முன்னோரில் பலர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியது செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில்தான். ரப்பர் வந்தது, கரும்பு போனது. பின்னாளில் பெர்லிஸ், சுப்பிங்கில் மீண்டும் பயிரிட்டுப் பார்த்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. இன்று சர்க்கரைக்கே கச்சாப் பொருளை வெளிநாட்டிலிருந்து இறக்கும் நாடு, எரிபொருளுக்காகக் கரும்பு நடுவதற்கு வழியில்லை. செம்பனையின் வெறுங்குலையிலிருந்து எத்தனால் எடுக்க முடியும் என்பது ஆய்வகத்தில் தெரிந்த விஷயம். நாரை உடைத்துச் சர்க்கரையாக்கும் செலவுதான் அதைத் தடுக்கிறது.

(விடுமுறைக்கு ஹாட்யாய் வரை கார் ஓட்டிப் போகிறவர்கள் கவனிக்கலாம். தாய்லாந்து பம்பில் ‘கேசஹோல் 95’ என்பது 10 விழுக்காடு எத்தனால் கலந்தது. அங்கே இ20, இ85 என்று எழுதிய குழாய்களும் உண்டு. வண்டியின் கையேட்டில் அனுமதி இல்லாவிட்டால் பின்னதைத் தொட வேண்டாம்.)

நம் கலவையின் கதை

செம்பனை எண்ணெயை மெத்தனாலுடன் வினைபுரியச் செய்தால் கிளிசரின் பிரிந்து, டீசல் எஞ்சினில் எரியக்கூடிய மெத்தில் எஸ்டர் கிடைக்கிறது. இதைத்தான் பயோடீசல் என்கிறோம். மலேசியாவில் இந்த ஆய்வு 1980களின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. 2006இல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வந்தது. முதலில் பதப்படுத்திய செம்பனை எண்ணெயையே டீசலில் 5 விழுக்காடு நேரடியாகக் கலக்க நினைத்தார்கள். ‘என்வோ டீசல்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். எஞ்சின் தயாரிப்பாளர்கள் உத்தரவாதம் தர மறுத்ததால் அது கைவிடப்பட்டது. பிறகு மெத்தில் எஸ்டர் கலந்த பி5, 2011இல் புத்ராஜெயாவில் தொடங்கி மற்ற இடங்களுக்குப் பரவியது. பின்னர் பி7 வந்தது, 2019 பிப்ரவரியில் பி10 கட்டாயமானது. 2020இல் லங்காவியில் பி20 தொடங்கியது, தீபகற்பம் முழுவதற்கும் அது இன்னும் வந்தபாடில்லை.

எஞ்சினுக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. பி10இல் சக்தி இழப்பு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பழைய லோரியில் முதல்முறை ஊற்றும்போது டாங்கியில் படிந்த அழுக்கை இது கரைத்துக் கொண்டுவந்து வடிகட்டியை அடைக்கும், அதை மாற்றினால் சரியாகிவிடும். குளிர்தான் இதற்கு எதிரி. வீட்டில் செம்பனை எண்ணெய் குளிர்ப்பெட்டியில் உறைவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதனால்தான் பி10 வந்தபோது கேமரன் மலை, கெந்திங் மலை போன்ற குளிர் இடங்களுக்குப் பி7 ஒதுக்கப்பட்டது.

ஆக, எஞ்சின் விவகாரம் இரண்டாம்பட்சம். முதலில் பார்க்க வேண்டியது விலை.

பி10 எப்போது வந்தது என்பதைக் கவனியுங்கள். 2018ஆம் ஆண்டின் இறுதியில் கச்சா செம்பனை எண்ணெய் விலை டன்னுக்கு 2,000 வெள்ளிக்கும் கீழே விழுந்திருந்தது, கையிருப்பு குவிந்திருந்தது. அந்த நேரத்தில்தான் பி10 அவசரமாக அறிவிக்கப்பட்டது. சுற்றுச்சூழல் என்று மேடையில் பேசினாலும், செம்பனை விலைக்கு முட்டுக் கொடுக்கும் தூண் என்பதே இந்தத் திட்டத்தின் உண்மையான வேலை. அதில் தவறு இல்லை. செம்பனை விழுந்தால் சிறுதோட்டக்காரர்களும் சேர்ந்து விழுவார்கள்.

ஆனால் அந்தத் தூண் எவ்வளவு பெரியது? போக்குவரத்துக்குப் பி10, தொழில்துறைக்குப் பி7 இரண்டும் சேர்ந்தால் ஆண்டுக்குச் சுமார் 7 லட்சத்து 61 ஆயிரம் டன் செம்பனை எண்ணெய் பயன்படும் என்று அரசு மதிப்பிட்டது. நாட்டின் உற்பத்தியோ 2024இல் 19 மில்லியன் டன்னைத் தாண்டியது. கணக்குப் போட்டால் 4 விழுக்காடு. இந்தோனேசியா 2025இல் பி40க்குப் போனது. அதற்காக அந்த ஆண்டுக்கு ஒதுக்கிய பயோடீசல் மட்டும் 15.6 மில்லியன் கிலோலிட்டர். செம்பனைக்கு விலைத் தரை போடுவது ஜகார்த்தாதான். புத்ராஜெயா அதன் மேல் ஒரு பாய் விரிக்கிறது, அவ்வளவே.

பம்பில் நிற்பவர் கணக்கு

பயோடீசல் எப்போதும் டீசலை விட மலிவாக இருப்பதில்லை. கச்சா எண்ணெய் இறங்கி செம்பனை ஏறும் காலத்தில் இடைவெளி பெரிதாகும். ஓர் எளிய உதாரணம்: பயோடீசல் லிட்டருக்கு 1 வெள்ளி கூடுதல் என்று வைத்துக்கொண்டால், பி10இல் கலவையின் அடக்கவிலை 10 காசு ஏறும். பி20இல் 20 காசு, பி30இல் 30 காசு. 300 லிட்டர் நிரப்பும் லோரிக்கு, பி10இலிருந்து பி20க்குப் போவது ஒவ்வொரு முறையும் 30 வெள்ளி. இந்தோனேசியா இந்த இடைவெளியை ஏற்றுமதித் தீர்வை வழியாகச் சேரும் நிதியிலிருந்து அடைக்கிறது. அதாவது செம்பனைத் தொழிலே அதைச் சுமக்கிறது.

இங்கே டீசல் நீண்ட காலம் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசு என்று நிலையாக நின்றது. கலவையின் செலவு ஏறினாலும் இறங்கினாலும் ஓட்டுநருக்குத் தெரியவில்லை. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் பொது மானியம் நீக்கப்பட்டு, விலை ஒரே இரவில் 3 வெள்ளி 35 காசானது. அதன்பின் விலை சந்தையோடு ஏறி இறங்கத் தொடங்கியது. அன்றிலிருந்து கலவையில் என்ன இருக்கிறது, அது என்ன விலை என்பது நேரடியாக ஓட்டுபவர் பையைத் தொடும் விஷயமாகிவிட்டது.

பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் இல்லை. பதிவு செய்த பள்ளி பஸ் உள்ளிட்ட பொதுப் போக்குவரத்துக்கு ஃப்ளீட் கார்டு வழி 1 வெள்ளி 88 காசு, சரக்கு லோரிக்கு 2 வெள்ளி 15 காசு, தகுதியுள்ள தனிநபருக்கு மாதம் 200 வெள்ளி பூடி மடானி உதவி என்று அப்போது அறிவிக்கப்பட்டது. கார்டு வைத்திருக்கும் பெரிய நிறுவனம் தப்பித்துக்கொள்கிறது. ஒரே ஒரு பழைய பிக்-அப்பை வைத்துக் கொண்டு கிள்ளானிலும் பண்டமாரானிலும் வீட்டு வேலை, குளிர்சாதன வேலை, கேட்டரிங் என்று ஓடுகிறவர்தான் சிக்குகிறார். ஆவணம் சரியாக இல்லை, வண்டி அண்ணன் பெயரில் இருக்கிறது, நிறுவனப் பதிவு காலாவதியாகிவிட்டது என்று அவருக்கு எப்போதும் ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும்.

சரி, நகரத்தில் கொடுப்பது தோட்டத்தில் வந்து சேர்கிறதா? செம்பனை விலையும் கூலியும் எப்படி நகர்ந்தன என்று பார்த்தால் போதும். 2018 இறுதியில் 2,000 வெள்ளிக்குக் கீழே இருந்த டன் விலை, உக்ரைன் போரையும் ஆள் பற்றாக்குறையையும் ஒட்டி 2022இல் 7,000 வெள்ளியைத் தாண்டியது. மும்மடங்குக்கும் மேல். அதே இடைவெளியில் குறைந்தபட்சச் சம்பளம் 2019 ஜனவரியில் 1,100 வெள்ளியாக இருந்து, 2022 மே மாதம் 1,500 வெள்ளியானது. 2025 பிப்ரவரியில்தான் 1,700. விலை விழும்போது கூலியைக் குறைக்க முடியாதே என்று முதலாளிகள் தரப்பு சொல்லும். அது நியாயமான பதில். என்றாலும் விலையைத் தூக்கிப் பிடிக்கும் திட்டத்தைத் ‘தோட்ட மக்களின் நலன்’ என்று விளக்கும்போது, தோட்டத்தில் யாருடைய நலன் என்று கேட்கத்தான் வேண்டும்.

நம்மவர் பக்கம் ஒரு விதிவிலக்கு உண்டு. பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலை ஜாலான் துன் சம்பந்தன். அந்தப் பெயருக்குரியவர், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் விரட்டப்பட்ட காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதாமாதம் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்கினார்கள். அன்று ரப்பர், பின்னர் செம்பனையும் வந்தது. செம்பனை விலை ஏறினால் அதன் பலன், கூலியாக அல்லாமல் பங்காதாயமாக நம் குடும்பங்களுக்கு வரக்கூடிய வழி அது. அந்தப் பங்குப் பத்திரம் தாத்தாவின் தகரப்பெட்டியில் கிடக்கிறதா, வாரிசுப் பெயருக்கு மாற்றியாகிவிட்டதா என்று தேடிப் பார்க்காத வீடுகள் இன்னும் இருக்கும்.

கனரக வாகனங்களுக்கு 2040க்குள் பி30 என்பது 2022இல் வெளியான தேசிய எரிசக்திக் கொள்கையின் இலக்கு. கலவை ஏறப் போவது உறுதி, எப்போது என்பதுதான் பாக்கி. ஏற்றும் முன் அரசு இரண்டைச் சொல்லியாக வேண்டும். பயோடீசல் டீசலை விட விலை கூடும் மாதங்களில் அந்த வித்தியாசத்தைத் தொழில் சுமக்குமா, கருவூலம் சுமக்குமா, பம்பில் நிற்பவர் சுமப்பாரா? அடுத்து, குறைந்த கலவை வேண்டும் என்பவருக்கு ஒரு குழாய் தொடர்ந்து இருக்குமா?

இரண்டாவது கேள்விக்குத் தற்போதைக்குப் பதில் உண்டு. சில எண்ணெய் நிலையங்களில் ‘யூரோ 5 பி7’ என்று தனிக் குழாய் இருக்கிறது. சில ஐரோப்பிய வண்டித் தயாரிப்பாளர்கள் பி10ஐ ஏற்கத் தயங்கியதால் வந்த ஏற்பாடு அது. இந்தியாவில் கிடைக்காத அந்தத் தேர்வு இங்கே கிடைக்கிறது, லிட்டருக்கு 20 காசு கூடுதலாக.