முதல் வருடம் தாண்டட்டும்!

குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி 1964-ல் தொடங்கியது. தென்காசி வட்டாரப் பெண்களுக்குப் பட்டப்படிப்பு பக்கத்திலேயே வந்தது.

பீடி சுற்றும் தாய் மகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறாள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் அவள்தான். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022-ல் தொடங்கியது. நல்ல உதவி. ஆனால், தமிழில் படித்து வந்தவள் வகுப்பில் ஆங்கிலம் கேட்டு விழிக்கிறாளே, அதற்குப் பணம் மருந்தாகுமா? வீட்டிலும் சொல்லித்தர ஆள் இல்லை.

கல்லூரிகள் ஒன்று செய்யலாம். முதல் வருடத்தில் இருபது பேருக்கு ஓர் ஆசிரியை பொறுப்பேற்கட்டும். பாடத்தைத் தமிழில் ஒரு முறை விளக்கட்டும். மூன்று நாள் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கட்டும். அபராதம் அப்புறம்! காய்ச்சலில் படுத்த தாய்க்குப் பதிலாக, மகள் பீடித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கலாம்.