வாத்தின் பாதமும் வீட்டுத் தரையும்



சென்ற மாதம் வீட்டுக் கோழிகளைக் கோடை வெப்பத்தினின்று காக்கும் வழிகளைக் கண்டோம். இம்மாதம் வாத்தின் பாதத்தைப் பற்றிச் சிந்திப்போம். இதற்கென ஒரு கட்டுரையா என்று சிலர் நகைக்கலாம். நாமும் ஒருகாலத்தில் அவ்வாறு எண்ணியவர்களே. அவ்வெண்ணத்தை மாற்றியது நம் இல்லத்தில் வளர்ந்த ஒரு வெள்ளை வாத்து.

பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டதால் சந்தையிலிருந்து இரு குஞ்சுகளை வாங்கி வந்தோம். பின்கட்டில் சிமெண்டு முற்றம். மூலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. வேளை தவறாத தீவனம். குறை ஏதும் இல்லை என்றே நம்பினோம். ஏழெட்டு மாதங்கள் சென்றபின் ஒரு வாத்து இடக்காலை மெல்ல ஊன்றி நடக்கலாயிற்று. சுளுக்காக இருக்கும் என்று விளக்கெண்ணெய் தடவி விட்டுவிட்டோம். மூன்று வாரத்தில் அது எழுந்து நிற்கவே மறுத்தது. அப்போதுதான் முதன்முறையாக அதன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தோம். உள்ளங்காலின் நடுவே மிளகளவில் ஒரு கரிய பொருக்கு. அதைச் சுற்றிலும் வீக்கம். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, நோய் எலும்புவரை இறங்கிவிட்டது என்றார். அவ்வாத்து பிழைக்கவில்லை.

அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க வந்திருந்த பெரியவர் ஒருவரிடம் இதனைக் கூறினோம். அவர் நம் முற்றத்தை ஒருமுறை நோக்கிவிட்டு, "சேத்துல நடக்கப் பொறந்த காலுங்க, ஐயா. சிமெண்டுல விட்டா அது என்ன பண்ணும்?" என்றார். மருந்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. எனினும் நாம் கற்கவேண்டிய பாடம் அச்சொற்களில் இருந்தது. காலுக்கு மருந்து தேடுமுன் தரையைத் திருத்தியிருக்க வேண்டும்.

பாதத்தின் இயல்பு

வாத்து நீந்துவதற்கென அமைந்த பறவை. நீரில் இருக்கும்போது அதன் உடற்பாரத்தை நீர் தாங்குகிறது. கரையேறியதும் பாரம் முழுவதும் இரு உள்ளங்கால்களின்மேல் விழுகிறது. அப்பாதங்களின் தோலும் விரலிடைச் சவ்வும் கோழியின் காலைப்போல் உரமானவை அல்ல. பெக்கின் போன்ற பெருத்த இனங்கள் 3 முதல் 4 கிலோ வரை எடை கொள்ளும். காக்கி கேம்பல், இந்தியன் ரன்னர் ஆகியவை ஏறத்தாழ 2 கிலோ அளவில் நிற்கும். ஆகவே பெருத்த இனங்களை வளர்ப்போர் கூடுதல் கவனம் கொள்ளவேண்டும்.

சொரசொரப்பான சிமெண்டும், உடைத்த ஜல்லியும், கம்பிவலைத் தரையும் உள்ளங்காலைத் தேய்த்து நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகின்றன. எச்சத்தில் நனைந்து கிடக்கும் படுக்கையோ தோலை ஊறவைத்துப் புண்ணாக்குகிறது. அவ்வெடிப்பின் வழியே பெரும்பாலும் ஸ்டேஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி உட்புகுகிறது. ஆங்கிலத்தில் 'பம்பிள்ஃபுட்' என வழங்கும் பாதக்கட்டி நோய் இவ்வாறே தோன்றுகிறது.

இங்கே ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். பறவைகளின் சீழ் நம் உடலின் சீழைப்போல் நீராக ஓடுவதன்று. பாலாடைக் கட்டியைப்போல் இறுகி நிற்பது. ஆகவே அழுத்திப் பிதுக்கினால் அது வெளியே வாராது. பிதுக்கும்போது கிருமி இன்னும் ஆழத்திற்குச் சென்று தசைநாணையும் மூட்டையும் எலும்பையும் பற்றக்கூடும்.

வருமுன் காத்தல்

சிமெண்டு முற்றத்தை இடித்தெறிய வேண்டுவதில்லை. வாத்து உறங்கும் இடத்தில் நான்கு அங்குல உயரத்திற்கு உலர்ந்த வைக்கோலோ, உமியோ, மரச்சீவலோ பரப்புங்கள். நனைந்த பகுதியை அன்றாடம் அகற்றிப் புதியதை இடுங்கள். பகலில் மண்ணிலும் புல்லிலும் நடமாட விடுங்கள். அதற்கு இடமில்லையெனில் முற்றத்தின் ஒரு பகுதியிலேனும் மணலையோ பழைய ரப்பர் விரிப்பையோ இடலாம்.

வயற்சேறு வேறு, எச்சம் கலந்து நாறும் சகதி வேறு. தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றியுள்ள இடமே வீடுகளில் பெரிதும் சகதியாவது. அங்கே சற்றே பள்ளம் தோண்டி, உருண்டையான கூழாங்கற்களை நிரப்பினால் நீர் வடிந்துவிடும். நீந்துவதற்குக் குளம் இல்லாவிடினும் அகன்ற தொட்டி ஒன்று வேண்டும். நீரை அடிக்கடி மாற்றுவதோடு, ஏறி இறங்கச் சரிவுப் பலகையும் வைப்பது நலம். உயரத்தினின்று குதித்து இறங்குவதாலும் உள்ளங்கால் நைந்துபோகும். ஆணி, கண்ணாடித் துண்டு, விரல்களைச் சுற்றி இறுக்கும் நூல், பட்டக் கயிறு ஆகியவற்றைப் பொறுக்கி அகற்றுங்கள்.

மிஞ்சிய சோற்றையும் ரொட்டியையும் அளவின்றி இட்டால் வாத்து கொழுத்து, அதன் பாரம் பாதத்தையே வருத்தும். தோலின் நலத்திற்கு வைட்டமின் ஏ தேவை. முருங்கைக் கீரை முதலிய கீரைகளை நறுக்கிக் கொடுத்தால் அது கிட்டும்.

கோழியைத் தூக்குவதுபோல் வாத்தைக் காலைப் பற்றித் தூக்குவது பெருந்தவறு. அதன் கால்கள் எளிதில் முறியக்கூடியவை. இரு கைகளாலும் சிறகுகளோடு உடலை அணைத்தே தூக்கவேண்டும். வாரம் ஒருமுறை அவ்வாறு தூக்கி, இரு பாதங்களையும் கழுவி, திருப்பிப் பாருங்கள்.

நோய் கண்டபின்

உள்ளங்கால் சிவந்தோ, தோல் தடித்தோ, சிறு கீறலோடோ இருப்பின் வீட்டிலேயே கவனிக்கலாம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி எப்சம் உப்பைக் கரைத்து, பாதத்தைப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் அதில் நனைத்து வையுங்கள். அந்நீரை வாத்து பருகலாகாது; அது பேதியை உண்டாக்கும். பின்னர் இளந்தேநீர் நிறத்திற்கு நீர் கலந்த போவிடோன் அயோடினால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தூய வலைத்துணி வைத்து இறுக்கமின்றிக் கட்டுங்கள். கட்டு நாள்தோறும் மாற்றப்பட வேண்டும். விரல்கள் வீங்கினால் கட்டு இறுகிவிட்டது என்று பொருள்.

கட்டு இருக்கும் நாட்களில் வாத்தை நீந்த விடாமல் மெத்தென்ற வைக்கோலில் வையுங்கள். ஆயினும் அலகு முழுவதும் மூழ்குமளவு ஆழமான குடிநீர் அதற்கு வேண்டும். மூக்குத் துளைகளை அது நீரிலேயே தூய்மை செய்கிறது. துணை வாத்தைக் கண்ணில் படும்படி அருகில் வைத்தால் அது கலங்காது.

கரிய பொருக்கும் வீக்கமும் காணப்பட்டாலோ, பாதம் சுட்டாலோ, தீவனம் வேண்டாமல் படுத்துவிட்டாலோ, ஒரு வாரக் கவனிப்பில் குணம் தெரியாவிட்டாலோ காலம் தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். பாதத்தில் புண்ணே இல்லாமல் நொண்டினாலும் அவர் பார்ப்பது நலம். அது எலும்பு முறிவாகவும் இருக்கலாம். சவரத்தகட்டால் வீட்டில் கட்டியைக் கீறுவோர் உண்டு. அதைச் செய்யவே வேண்டா. இறுகிய சீழை வலி தெரியாமல், குருதிப்பெருக்கின்றி எடுப்பது மருத்துவர் பணி.

நாம் உண்ணும் வலி மாத்திரைகளையும் வாத்துக்குக் கொடுக்கலாகாது. டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி செலுத்தப்பட்ட மாடுகளின் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுப் பெருமளவில் மடிந்தன. அதனாலேயே 2006-இல் இந்திய அரசு அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. மருத்துவர் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தால், முட்டையை எத்தனை நாள் உண்ணலாகாது என்பதையும் அவரிடமே கேட்டறியுங்கள். புண்ணைத் தொட்ட கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவது இன்றியமையாதது. இக்கிருமி நம் புண்களையும் பற்றக்கூடியது.

குஞ்சுகளின் கால்கள்

பெட்டியில் செய்தித்தாளை விரித்துக் குஞ்சுகளை விடுவது பலருடைய வழக்கம். அவ்வழுக்கலில் கால்கள் இருபுறமும் விரிந்து, நிற்க இயலாமற் போகும். கோணிச் சாக்கை விரித்தால் பிடிப்பு கிடைக்கும். கால் விரிந்த குஞ்சைப் பிறந்த சில நாட்களுக்குள் கவனித்தால், மெல்லிய ஒட்டுத்துணியால் இரு கால்களையும் இயல்பான இடைவெளியில் பிணைத்துச் சரிசெய்யலாம்.

குஞ்சின் கால் வளைந்து, மூட்டு பருத்து, நடக்க மாட்டாமல் பின்மூட்டில் அமர்ந்தால் நியாசின் என்னும் வைட்டமின் குறைவை ஐயுறுங்கள். இறைச்சிக் கோழிக்குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 35 மில்லிகிராம் நியாசின் போதும். வாத்துக்குஞ்சுக்கோ 55 மில்லிகிராம் வேண்டும். கோழித் தீவனத்தையோ மக்காச்சோளத்தையோ மட்டும் நம்பினால் இக்குறை நேரும். 'ப்ரூவர்ஸ் ஈஸ்ட்' என விற்கப்படும் உலர்ந்த ஈஸ்ட் தூளைத் தீவனத்தில் கலக்கலாம். அளவை மருத்துவர் கூறுவார். நிலக்கடலைப் பிண்ணாக்கிலும் நியாசின் உண்டு. ஆனால் பூஞ்சை பிடித்த பிண்ணாக்கு வாத்துக்குஞ்சுகளுக்குக் கொடிய நஞ்சு. 1960-இல் இங்கிலாந்தில் அத்தகைய பிண்ணாக்கைத் தின்று ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகளும், அவற்றோடு வாத்துக்குஞ்சுகளும் மடிந்தன.

நம் இல்லத்தில் எஞ்சிய வாத்துக்குப் பின்னர் ஒரு துணை வாங்கினோம். முற்றத்தில் பாதியைப் பெயர்த்து மண்ணாக்கினோம். சனிக்கிழமை மாலைதோறும் மூத்த மகள் வாத்தை அணைத்துப் பிடிக்க, இளையவன் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறான். இதற்கு ஐந்து நிமிடமும் ஆவதில்லை. முதல் வாத்துக்கு அந்த ஐந்து நிமிடத்தை நாம் கொடுக்கவில்லை. உங்கள் வீட்டு வாத்து இன்று நன்றாகவே நடக்கலாம். ஆயினும் இவ்விதழை மூடி வைத்தபின் அதன் பாதத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்த மாதம் மழைக்காலத்தில் வாத்துகளின் இருப்பிடத்தை ஈரமின்றிக் காப்பது எவ்வாறு எனக் காண்போம்.