லோயர், ஹையர், அதற்கு அடுத்து?

மயிலாப்பூர், மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் ஒரு தலைமுறைக்கு முன் பள்ளி விடுமுறை என்றால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்தான். லோயர் ஆச்சா, ஹையர் ஆச்சா என்பது கல்யாண வீட்டுப் பந்தியில்கூடக் கேட்கப்பட்ட கேள்வி. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் அந்தத் தேர்வு இன்றும் நடக்கிறது. ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 30 சொல் அடித்தால் லோயர், 45 சொல் என்றால் ஹையர். குரூப் 4 தட்டச்சர் பணிக்கு அந்தச் சான்றிதழ் தேவை. அடையாறு பாலத்தைத் தாண்டி, மத்திய கைலாஷில் திரும்பி, 2000இல் திறந்த டைடல் பார்க்குக்கும் அதற்கு அப்பால் நீளும் மென்பொருள் சாலைக்கும் வேலைக்குப் போனவர்களில் எத்தனையோ பேருக்கு விரல் பழகியது இந்த இன்ஸ்டிடியூட்டுகளில்தான். ஆனால் அங்கே பழகியது எழுத்தைத் தாளில் ஏற்றும் வித்தை. ஏற்றியதை மாற்றும் வித்தைக்கு அங்கே இடமில்லை; இயந்திரத்தில் அடித்தது அடித்ததுதான், பிழைக்கு மதிப்பெண் போகும். நிரல் எழுதுகிறவரின் நாளோ பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் வரிகளைப் படிப்பதிலும், வெட்டுவதிலும், இடம் மாற்றுவதிலும் கழிகிறது. அந்த இடைவெளியை மவுஸ் வந்து நிரப்பியது. வரியைத் தேர்ந்தெடு, பிடித்து இழு, வேண்டிய இடத்தில் விடு. பார்க்க எளிது. நிரலைத் திருத்த இதுவே முதல் வழியாகப் பழகிப்போவது தவறு என்பது என் கட்சி.

காரணம் வேகம் மட்டும் அல்ல. இழுக்கும் கைக்குத் தெரிவது திரையில் நிறம் மாறிய ஒரு பகுதி. அது ஒரு சொல்லா, ஒரு வரியா, ஒரு முழுச் சார்பா என்பது அதற்குத் தெரியாது. கீபோர்டு கட்டளையோ ஒவ்வொன்றும் ஓர் அலகின் பெயரைச் சொல்லிப் பிறந்தது. இன்று பரவலாகப் புழங்கும் விஎஸ் கோட் எடிட்டரில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு கீழ்அம்பைத் தட்டினால் கர்சர் நிற்கும் வரி முழுதாக ஒரு படி இறங்கும். எதையும் தேர்ந்தெடுக்காமல் கன்ட்ரோலுடன் எக்ஸ் அடித்தால் அந்த வரி முழுதாக வெட்டப்படும். ஷிஃப்ட், ஆல்ட், வலது அம்பு மூன்றும் சேர்ந்தால் தேர்வு சொல்லிலிருந்து அடைப்புக்குறிக்கும், அங்கிருந்து அதைச் சுற்றிய தொகுதிக்கும் படிப்படியாக விரியும். இந்தச் சிந்தனை பழையது. 1976இல் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய விஐ எடிட்டரில் 'டி' என்றால் நீக்கு, 'டபிள்யூ' என்றால் சொல். இரண்டையும் அடுத்தடுத்து அடித்தால் ஒரு சொல் போகும். வினையும் பொருளும் சேர்ந்து ஒரு வாக்கியம். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் தனி அம்புவிசைகள் கிடையாது. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. விஐயின் வழிவந்த விம் எடிட்டரைப் பயன்படுத்துகிறவர்கள் பலர் இன்றும் அந்த நான்கு விசைகளால்தான் நடமாடுகிறார்கள். பிடிவாதம் என்று சிரிக்கலாம், அரை நூற்றாண்டு தாங்கிய பிடிவாதம்.

அலகு தெரியாத கை எங்கே தவறும் என்பதற்குப் பைத்தான் மொழியே போதும். அதில் ஒரு வரி எங்கே சேர்ந்தது என்பதை இடப்பக்க வெற்றிடம்தான் சொல்கிறது. கடை பில்லில் உள்ள எல்லா விலையையும் கூட்டி விடையைத் திருப்பித் தரும் ஒரு சிறு சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தரும் கடைசி வரி சுழலுக்கு வெளியே நிற்க வேண்டும். இழுத்துப் போட்டபோது அது நான்கு இடைவெளி உள்ளே தள்ளி விழுந்தால், முதல் பொருளின் விலையைப் பார்த்தவுடனே கணக்கு முடிந்துவிடும். பிழைச்செய்தி வராது, சிவப்புக் கோடு வராது. தொகை மட்டும் தப்பு. ஆல்ட்-அம்பும் வரியைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகலாம்தான். ஆனால் அது வரிக்கும் வரிக்கும் நடுவில்தான் நிற்கும், ஒரு சொல்லின் வயிற்றுக்குள் போய் விழாது. மடிக்கணினியின் டச்பேடில் விரல் சற்றே வழுக்கியதும் தேர்ந்தெடுத்த துண்டு இன்னொரு சொல்லுக்குள் விழுவது மவுஸ்வழித் திருத்தத்துக்கே உரிய விபத்து. 2011இலிருந்து தமிழக அரசு மாணவர்களுக்குத் தந்தவை மடிக்கணினிகள் என்பதால், இங்கே பலரும் நிரல் கற்றது டச்பேடில்தான்.

வேகக் கணக்கையும் பார்த்துவிடலாம். கார்டு, மோரன், நியூவெல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1980இல் வெளியிட்ட மாதிரிக் கணக்கில் மவுஸால் ஓரிடத்தைக் குறிபார்க்க சுமார் 1.1 விநாடி, கீபோர்டிலிருந்து மவுஸுக்கோ திரும்பியோ கை போக 0.4, தட்டச்சைத் தொழிலாகக் கொள்ளாத நடுத்தர ஆளுக்கு ஒரு விசைக்கு 0.28. பொத்தானை அழுத்தவோ விடவோ 0.1 என்பது அந்த மாதிரியில் பின்னாளில் சேர்ந்தது. ஒரு வரியை மூன்று வரி கீழே நகர்த்த வேண்டும் என்று வையுங்கள். மவுஸ் வழியில் கை போய்வர 0.8, நான்கு முறை குறிபார்க்க 4.4, பொத்தானுக்கு 0.4, மொத்தம் ஐந்தரை விநாடிக்கு மேல். கர்சர் அந்த வரியில் இருந்தால் கீபோர்டில் நான்கு விசை, ஒரு விநாடி சொச்சம். என்ன செய்வது என்று யோசிக்கும் 1.35 விநாடி இரு பக்கமும் உண்டு. இழுப்பது வெறுமனே குறிபார்ப்பதைவிட மெதுவானது, பிழை கூடியது என்பதை மெக்கென்சி, செல்லன், பக்ஸ்டன் 1991இல் தனியாகவே அளந்து காட்டியிருக்கிறார்கள். பொத்தானை விடாமல் கையை நகர்த்துவது இரண்டு வேலை.

மறுப்பு ஒன்று உடனே வரும். கார்டு, இங்கிலிஷ், பர் 1978இல் செய்த சோதனையில் அம்புவிசைகளை மவுஸ் தோற்கடித்தது. ஆப்பிளின் புரூஸ் டாக்னாசினி 1989இல், கீபோர்டே வேகம் என்று ஆட்கள் உணர்ந்தாலும் கடிகாரம் மவுஸ் பக்கமே நிற்கிறது என்று எழுதினார். இரண்டையும் மறுக்கத் தேவையில்லை. 1978 சோதனை அளந்தது திரையில் எங்கோ இருக்கும் ஓர் இலக்கை எட்டும் வேகத்தை. நாற்பது வரிக்கு அப்பால் கர்சரை வைக்க வேண்டுமானால் மவுஸால் ஒரு சொடுக்கு போதும், அதையே செய்யலாம். பிறகு ஒட்டும் வேலையைக் கீபோர்டு பார்த்துக்கொள்ளும். குறிபார்ப்பதில் மவுஸுக்கு இருக்கும் உண்மையான பலத்தை வைத்து இழுப்பதையும் நியாயப்படுத்துவதுதான் நழுவல். வெட்டி ஒட்டும் முறையை 1970களின் நடுவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் டிம் மாட் என்பவருடன் சேர்ந்து ஜிப்சி எடிட்டரில் உருவாக்கிய லாரி டெஸ்லர் மவுஸின் தீவிர ஆதரவாளர். அவரே வெட்டுவதையும் ஒட்டுவதையும் தனித்தனிச் செயல்களாகத்தான் வைத்தார். நடுவில் கை ஓயலாம், கண் இடம் தேடலாம்.

அந்த ஓய்வு சிலருக்கு வசதி, சிலருக்கு வாசல். அடையாற்றுக்கு அக்கரையில் கோட்டூர்புரத்தில் இருக்கும் வித்யாசாகர் அமைப்பு 1985 முதல் பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுடன் வேலை செய்துவருகிறது. கை நடுங்கும் ஒருவரால் அழுத்திப் பிடித்தபடி நகர்த்தி, சரியான புள்ளியில் விட முடியாது. விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த அவரால் முடியலாம். விண்டோஸில் ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் வரும் 'ஸ்டிக்கி கீஸ்' அதற்காகவே இருக்கிறது. பார்வையற்ற புரோகிராமர் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் வைத்து நிரல் எழுதுகிறார். அவருக்கு மவுஸ் சுட்டி எங்கே இருக்கிறது என்பதே பொருளற்ற கேள்வி. 2023 அக்டோபரில் வெளியான வலை அணுகல் நெறிகளின் 2.2ஆம் பதிப்பு, இழுத்துச் செய்யும் வேலைகளுக்கு இழுக்காமல் செய்யும் மாற்றுவழி வேண்டும் என்று தனி விதியே சேர்த்தது. கீபோர்டால் இயக்க முடிய வேண்டும் என்பது அதற்கு முன்பிருந்தே அடிப்படை விதி.

புதிதாகக் கற்பவரை முப்பது விசைக்கூட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதா என்பார்கள். எட்டு வயதுப் பிள்ளை 2007இல் வந்த ஸ்கிராட்சில் கட்டங்களை இழுத்து அடுக்கிக் கற்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே ஒவ்வொரு கட்டமும் ஓர் அலகு, பொருந்தாத இடத்தில் ஒட்டாது. வெறும் எழுத்தாக இருக்கும் நிரலில் அந்தக் காவல் கிடையாது. முப்பதும் வேண்டாம், ஏழெட்டு போதும். செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே என்றால், எழுதித் தந்ததைத் திருத்துவது நம் தலையில் முன்னைவிட அதிகமாகவே விழுகிறது.

என் கட்சியைச் சங்கடப்படுத்தும் கேள்வி தமிழிலிருந்து வருகிறது. அலகை அறிந்த கட்டளை என்றேன்; அலகை வரையறுத்தவர் யார்? 2008இல் வந்த பைத்தான் 3 'தொகை' என்று ஒரு மாறிக்குப் பெயர் வைக்க அனுமதிக்கிறது. ஆனால் அதே மொழியுடன் வரும் 'ஆர்இ' என்ற தேடல் தொகுப்பு, சொல்லெழுத்துகளை எடு என்றால் உயிர்க்குறிகளைச் சொல்லெழுத்தாகவே மதிக்காமல், அந்தச் சொல்லைத் 'த' என்றும் 'க' என்றும் உடைத்துத் தருகிறது. பல எடிட்டர்களில் அம்புவிசை 'கொ'வை ஒரே எழுத்தாகத் தாண்டும், பேக்ஸ்பேஸ் அடித்தால் கொம்பும் காலும் மட்டும் போய்க் 'க' நிற்கும். எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்று நம்பி நெடுக்காகத் தேர்ந்தெடுக்கும் வசதி, 'ணௌ' வந்த வரியில் கோணலாகிவிடும். இந்த இடங்களில் கண்ணால் பார்த்து மவுஸால் பிடிப்பவர் சில சமயம் ஜெயிக்கிறார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது வரையறையில் உள்ள கோளாறு. தமிழ் எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு யூனிகோடு விதி தந்திருக்கிறது. அதைப் பின்பற்றாத கருவிகளைத் திருத்த வேண்டும். திருத்தினால் பலன் கீபோர்டுக்கு மட்டும் வராது: மவுஸை இருமுறை சொடுக்கி ஒரு சொல்லைப் பிடிப்பதும் இதே வரையறையை நம்பித்தான்.

தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இன்று தட்டச்சுக்கு அப்பால் 'கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்' என்ற சான்றிதழ்த் தேர்வையும் நடத்துகிறது. அதில் திருத்தலுக்கென்று ஒரு தாள் சேர்க்கலாம். குழம்பிக் கிடக்கும் நூறு வரியைத் திரையில் கொடுத்து, எந்த வரி எங்கே போக வேண்டும், எந்தச் சொல் எல்லா இடத்திலும் மாற வேண்டும் என்று கையில் ஒரு தாளும் தந்து, பத்து நிமிடத்தில் முடிக்கச் சொல்வது. பாதி நிரல், பாதி தமிழ் உரைநடை. மவுஸைத் தடை செய்ய வேண்டியதில்லை, மேசையிலேயே இருக்கட்டும். தொடாமல் முடித்தவருக்கு ஐந்து மதிப்பெண் கூடுதல். பார்வையற்ற தேர்வருக்கும் அதே தாள், திரைவாசிப்பானுடன். கேள்வித்தாள் தயாரிக்கத் தியாகராய நகர் ஸ்டெனோகிராபர்ஸ் கில்டைக் கூப்பிடலாம், கூடவே டைடல் பார்க்கிலிருந்து இரண்டு புரோகிராமர்களையும்.