உழைப்பு நம்முடையது, சாவி கம்பெனியுடையதா?

“இனி புரோகிராமர் தேவையில்லை! படத்தை இழுத்து வையுங்கள், ஆப் தயார்!” என்று பெரிய கம்பெனிகள் உலகமெங்கும் தண்டோரா போடுகின்றன. ‘லோ-கோட்’ என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

விஷயம் என்ன? கணிப்பொறியை வேலை வாங்க வேண்டுமானால், அதற்கென்று உள்ள மொழியைக் கற்று வரி வரியாக எழுத வேண்டும். லோ-கோட் கருவியில் அந்த வரிகளைக் கம்பெனி முன்கூட்டியே எழுதி உள்ளே வைத்துவிடுகிறது. நாம் திரையில் பொத்தானையும் பட்டியலையும் பொருத்தி, ‘இதை அழுத்தினால் அது நடக்கட்டும்’ என்று இணைத்தால் போதும். மில் டைம் ஆபீஸ் குமாஸ்தா ஷிப்ட் பட்டியலுக்கு ஓர் ஆப் செய்துவிடலாம். விவசாயத் தொழிலாளர் சங்கம் கூலி பாக்கிக் கணக்குக்கு ஒன்று செய்துவிடலாம்.

கருவி நல்ல கருவிதான். யந்திரத்தின் மேல் நமக்கு ஒரு நாளும் கோபம் கிடையாது. யந்திரம் யார் கையில் இருக்கிறது? அதுவே கேள்வி.

வெளியேற்ற நோட்டீஸ்

அமெரிக்காவின் கூகுள் கம்பெனி ‘ஆப் மேக்கர்’ என்ற லோ-கோட் கருவியை 2018ல் கம்பெனிகளுக்கும் கல்வி ஸ்தாபனங்களுக்கும் திறந்துவிட்டது. அங்குள்ள ஊழியர்கள் தங்கள் வேலைக்கு வேண்டிய ஆப்களை அதில் செய்துகொண்டார்கள்.

2020 ஜனவரியில் நோட்டீஸ் வந்தது: போதிய பேர் உபயோகிக்கவில்லை, கடையை மூடுகிறோம். ஏப்ரல் 15க்குப் பிறகு புது ஆப் செய்ய முடியாது. 2021 ஜனவரி 19ல் ஓடிக்கொண்டிருக்கும் ஆப்களும் நின்றுவிடும். உள்ளே போட்ட கணக்கு விவரங்கள் மிஞ்சும்; ஆனால் ஆப்பை அப்படியே வேறிடத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது!

குத்தகை நிலத்தில் கிணறு வெட்டியவனிடம் “வெளியே போ” என்று சொன்னால் எப்படி இருக்கும்? நெல்லை மூட்டை கட்டிக்கொள்ளலாம். கிணற்றைத் தோளில் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

அதே 2020 ஜனவரியில் அதே கூகுள் ‘ஆப்ஷீட்’ என்ற வேறொரு லோ-கோட் கம்பெனியை விலைக்கு வாங்கியது. வெளியேற்றப்பட்டவர்களுக்கு அந்த வாசலைக் காட்டியது. அங்கே ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று வாடகை.

பிழைத்த கருவி

இன்னொரு கதையும் உண்டு. ‘ஆப் இன்வென்டர்’ என்ற கருவியைக் கூகுள் 2010ல் வெளியிட்டது. வண்ணக் கட்டைகளைக் கோர்ப்பது போல் கோர்த்து, போனுக்கு ஆப் செய்யும் கருவி அது. 2011 இறுதியில் அதையும் கைவிட்டது. ஆனால் கருவியின் உள்ளே இருக்கும் வரிகளை, அதாவது மூல நிரலை, எல்லோருக்கும் பொதுவாகத் திறந்துவிட்டது. 2012ல் எம்.ஐ.டி. என்ற அமெரிக்கக் கல்வி ஸ்தாபனம் அதை எடுத்து நடத்தத் தொடங்கியது. இன்றும் காசில்லாமல் நடக்கிறது. வேண்டியவர்கள் தங்கள் கணிப்பொறியிலேயே அதை நிறுவி நடத்தலாம்.

ஒரே கம்பெனி இரண்டு கருவிகளையும் கைவிட்டது. ஒன்று செத்தது, மற்றொன்று பிழைத்தது. செத்ததன் சாவி கம்பெனியின் பெட்டியில் இருந்தது. பிழைத்ததன் சாவி ஊர்ப் பொதுவில் இருந்தது. வித்தியாசம் இவ்வளவுதான்!

“புரோகிராமரை வைக்கச் சங்கத்திடம் பணம் ஏது? வாடகை மலிவுதானே?” என்று சில நண்பர்கள் கேட்பார்கள். இன்று மலிவு, நாளை? ஆளுக்கு இவ்வளவு என்றால், சங்கத்தில் ஆள் சேரச் சேர வாடகையும் ஏறும். விகிதத்தை உயர்த்துகிற அதிகாரமும் கம்பெனியிடமே. ஐந்து வருஷக் கூலி பாக்கிக் கணக்கை அதில் ஓட்டிவிட்டு, ஆறாம் வருஷம் எப்படி வெளியேறுவது?

ஆகவே தோழர்களே, எந்தக் கம்பெனிக்காரன் வந்து படம் காட்டினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். கருவியின் மூல நிரல் பொதுவில் இருக்கிறதா? கணக்கையும் ஆப்பையும் இரண்டையும் வெளியே எடுக்க முடியுமா? கம்பெனி கடையை மூடினால் நாமே நடத்த முடியுமா? பதில் இல்லையென்றால், முக்கியமான கணக்கு எதையும் அங்கே மட்டும் வைக்காதீர்கள். ஒரு பிரதி சங்கத்தின் கையில் இருக்கட்டும்.

சர்க்கார் இலாகாக்களும் கூட்டுறவுச் சங்கங்களும் ஜனங்களின் பணத்தில் வாங்கும் கருவிகளுக்கும் இதே மூன்று கேள்விகளைப் போட வேண்டும். இதை நாம் கோரிக்கையாகவே வைக்க வேண்டும்.

வெட்டிய கிணறு வெட்டியவனுக்கே சொந்தமாகட்டும்!