விலைக்கோடும் ஐந்தொகையும்

பங்கு வியாபாரம் இக்காலத்தில் பெருநகரத்துத் தனவந்தர்க்கு மட்டும் உரியதன்று. கைப்பேசியுடைய மாணவனும் அதில் இறங்கலாம். அங்ஙனம் இறங்குவோருள் ஒரு சாரார், "கம்பெனியின் கணக்கை ஆராய வேண்டுவதில்லை, விலையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோட்டைப் பார்த்தாற் போதும், அறியத்தக்கன யாவும் விலையிலேயே அடங்கியுள்ளன" என்பர். இக்கொள்கை எத்துணைத் தூரம் ஏற்கத்தக்கது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அவர் பக்கத்தும் நியாயம் உண்டு. ஐதராபாத்துச் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் இராமலிங்க ராஜு, 2009-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள், தம் கம்பெனியின் கணக்குகள் பல ஆண்டுகளாகப் பொய்யாக எழுதப்பட்டவை என்று தாமே எழுதி ஒப்புக்கொண்டார். இல்லாத ரொக்கம் 5,040 கோடி ரூபாய் ஐந்தொகையில் இருப்பதாகக் காட்டப்பட்டிருந்தது. ஏடும் பொய் சொல்லும் என்பது உண்மையே. ஆயின், அவ்வாண்டுகளில் விலைக்கோடு அப்பொய்யை வெளிப்படுத்திற்றா? இல்லை, அப்பொய்யை நம்பி வாங்கியோரின் பணத்தாலேயே அதுவும் வரையப்பட்டது. உண்மை வெளியான அன்று ஒரே நாளில் பங்கின் விலை முக்காற்பாகத்துக்கு மேல் வீழ்ந்தது.

கோட்டின் இயல்பை அறிய நாம் வேற்றூர் செல்ல வேண்டுவதில்லை. நம் புதுச்சேரியை ஒரு காலத்தில் ஆண்டதே ஒரு பங்குக் கம்பெனிதான். 1719-இல் ஜான் லா என்பார், மிசிசிபி நாட்டு வாணிகத்தையும் நம் இந்திய வாணிகத்தையும் பிரெஞ்சிந்தியக் கம்பெனி என்னும் ஒரே பெயரின்கீழ்ச் சேர்த்தார். 500 லிவர் முகமதிப்புள்ள பங்கு அவ்வாண்டின் இறுதியில் ஏறத்தாழ 10,000 லிவருக்குப் பாரிஸ் நகரத்தில் விற்றது. அவ்விலைகளைக் கோடாக வரைந்து பார்த்தவர் எவரும் "வாங்குக" என்றே தீர்ப்பளித்திருப்பர். ஆனால் அவ்வாண்டில் நம் துறையினின்று சென்ற துணிமூட்டைகள் இருபது மடங்காயினவா? மிசிசிபிக் கரையில் எதிர்பார்த்த செல்வம் கிட்டிற்றா? இரண்டும் இல்லை. அரச வங்கி அச்சிட்ட காகிதப் பணமும் மக்களின் ஆசையுமே விலையை உயர்த்தின. 1720 டிசம்பரில் லா பிரான்ஸை விட்டு ஓடினார். மறு ஆண்டில் பங்கு பழைய 500 லிவர் அளவுக்கே இறங்கிற்று.

அதன் பின்னரும் அக்கம்பெனி அழிந்துபடவில்லை. நம் நாட்டுத் தறிகளில் நெய்த துணியை ஏற்றிக்கொண்டு, 1769-இல் அதன் தனியுரிமை நிறுத்தப்படும் வரை வாணிகம் நடத்திற்று. கோடு இருபது மடங்கு உயர்ந்தபோதும் வீழ்ந்தபோதும் தறி தன் வேலையையே செய்துகொண்டிருந்தது. கோடு காட்டியது கம்பெனியை அன்று. கம்பெனியைப் பற்றிப் பிறர் கொண்ட எண்ணத்தையே.

பிறர் எண்ணத்தை அறிவதும் பயனுடையதே. நட்டத்தை எந்த எல்லையில் நிறுத்துவது என்று முன்னரே வரையறுக்கக் கோடு உதவும். ஆனால் குபேர் அங்காடியில் மீன் வாங்குவோர், கூட்டம் மிகுந்த கடை என்பதற்காகவே வாங்கிவிடுவரோ? செவுளைத் தூக்கிப் பார்த்தன்றோ வாங்குவர்!

2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், முன்பேரப் பங்கு வணிகத்தில் ஈடுபட்ட ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிமனிதருள் 100-க்கு 93 பேர் நட்டமடைந்தனர் எனச் செபி நிறுவனம் கண்டறிந்தது. சராசரி நட்டம் தலைக்கு ஏறத்தாழ 2 இலட்சம் ரூபாய். இவர் யாவரும் கோடு பார்ப்போர் என்று கூற இயலாது. ஆயினும், சின்னாட்களில் முடிந்துவிடும் அவ்வணிகத்தில் கம்பெனியின் தன்மையை ஆராய்வார் சிலரே என்பது வெளிப்படை.

கணக்குப் பொய்யாகலாமெனின், அதற்கு மருந்து கணக்கைக் கைவிடுதலன்று. இன்னும் கூர்ந்து கற்றலேயாம். காட்டிய இலாபம் ரொக்கமாகக் கைக்கு வந்ததா, கடன் எவ்வளவு, விற்கும் பொருளுக்கு வேண்டுவோர் உளரா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணாத மாணவன், பெற்றோர் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பொருளைக் கோடொன்றை நம்பி இடுதல் தகாது. வாங்குவது இன்னதென அறிந்த பின் கோட்டைப் பார்க்கலாம். அறியாமுன் பார்த்தலாற் பயனில்லை.