ஏட்டுச் சுரைக்காயும் நினைவகச் சோதனையும்

சிறு கருவிகளின் காலம் இது. கைப்பேசியிலும் செட்-டாப் பாக்ஸிலும் ஒரு கணினி ஒளிந்திருக்கிறது. விலை குறைய வேண்டுமானால் நினைவகமும் குறைய வேண்டும். 2013 இல் வெளியான ஆண்ட்ராய்டு 4.4, 512 மெகாபைட் நினைவகத்திலும் இயங்குமாறு அமைக்கப்பட்டதை நாம் அறிவோம்.

இடம் போதாதபோது கைகொடுப்பது நினைவகச் சுருக்கம். நினைவகம் ‘பக்கம்’ எனப்படும் சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். உடனே தேவைப்படாத பக்கங்களைச் சுருக்கி, அதே நினைவகத்தின் ஒரு மூலையில் வைப்பதே இம்முறை. 2014 இல் வந்த லினக்ஸ் 3.14 பதிப்பில் ‘இசட்ரேம்’ என்னும் பெயரில் இவ்வசதி முறையாக இடம்பெற்றது. ஏற்பாடு நல்லதே. ஆனால் இதன் பயனை எதைக் கொண்டு அளப்பது?

சுருக்கும் முறைகளை ஒப்பிட 1987 இல் உருவான ‘கால்கரி’, 1997 இல் வந்த ‘கேன்டர்பரி’ முதலிய கோப்புத் தொகுப்புகள் உண்டு. அவற்றில் எழுத்து வடிவக் கோப்புகளே மிகுதி. முழுக் கோப்பையும் ஒருசேரச் சுருக்கினால் விடை அழகாக வரும். கருவியோ பெரும்பாலும் 4,096 பைட் கொண்ட பக்கங்களைத் தனித்தனியே சுருக்குகிறது. துண்டு சிறிதானால் சுருக்கமும் குறையும். மேலும், சுழியங்களே நிறைந்த பக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விடும். முன்பே சுருக்கப்பட்ட ஜேபெக் படமோ சிறிதும் மசியாது.

2009 இல் வந்த ‘கோர்மார்க்’ சோதனை பிராசஸரின் வேகத்தை அளப்பது. சில கிலோபைட்டுகளுக்குள் அடங்கிவிடும். நெருக்கடியே நேராத இடத்தில் நெருக்கடிக் காலத் துணையை எடைபோட முடியுமா?

கருவி அன்றாடம் செய்யும் வேலையே அதற்குரிய சோதனை என்பது என் கருத்து. கைப்பேசியானால், விற்பனைக்கு வரும் அதே நினைவக அளவோடு பல நிரல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, மீண்டும் முதல் நிரலுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும். சுருக்கம் உள்ளபோதும் இல்லாதபோதும் இதனைப் பன்முறை செய்ய வேண்டும். மிச்சமான இடத்தோடு, செலவான மின்கலத் திறனையும் குறித்துக்கொள்ள வேண்டும். சராசரி நேரம் மட்டும் போதாது. மிக நீண்ட காத்திருப்பு எவ்வளவு என்பதையும் எழுத வேண்டும். ‘எல்இசட்4’ விரைவானது, ‘இசட்ஸ்டாண்டர்டு’ அதனினும் நன்றாகச் சுருக்கும், ஆயின் நேரம் கூடும். எது தக்கது என்பதை இத்தகைய சோதனையே சொல்லும்.

நண்பர்களே, விலை குறைந்த கருவியை வாங்குவோர் நம்மைப் போன்றவர்களே. அறிக்கையில் எண்கள் மின்ன, கையில் கருவி திணறி நின்றால் யாருக்கு என்ன பயன்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அன்றோ!