துன்முகிக்காக ஒரு வழக்கு

புராணபடனம் யாழ்ப்பாணத்துச் சைவ மக்களின் வாழ்விலே பெற்றுள்ள இடத்தை இம்மலரின் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, கோயில் மண்டபத்திலே அமர்ந்து கேட்டு வளர்ந்தவர்களே நம்மிற் பலர். ஆறுமுக நாவலரால் உரம்பெற்ற இவ்வழக்கையும் அதனைச் சூழ்ந்த வாழ்க்கை முறையையும் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் 'கந்தபுராண கலாசாரம்' என்று அழைத்தார்கள். அக்கலாசாரத்தின் பிள்ளையாக நின்றே இதனை எழுதுகின்றேன். அதற்குப் புறம்பானவனாக நின்றன்று.

எங்கள் ஊர்க் கோயிலிலே அசுர காண்டம் படிக்கப்பட்ட ஒரு மாலை, பயன் சொன்ன பெரியவரிடம், "ஐயா, துன்முகி பிறகு என்ன ஆனாள்?" என்று கேட்டேன். அவர் புத்தகத்திலிருந்து தலை நிமிராமலே, "அவளின்ரை கதைதான் முடிஞ்சுதே தம்பி, உமக்கேன் அது?" என்றார். மண்டபத்திலே சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்போடுதான் எனக்கு வழக்கு.

யார் இந்தத் துன்முகி? காசிபருக்கும் மாயைக்கும் பிறந்த சூரபன்மன், சிங்கமுகன், தாரகன் என்னும் மூவருக்கும் தங்கை அசமுகி. அந்த அசமுகிக்குத் தோழி துன்முகி. ஆகவே, வில்லனும் அல்லள். வில்லனின் தங்கையும் அல்லள். தங்கைக்குத் துணையாக வந்தவள். சீகாழியிலே இந்திராணியை ஐயனாரின் காவலில் விட்டு இந்திரன் கயிலைக்குச் சென்றிருந்த வேளையில், அவளைக் கவர்ந்து தமையனிடம் சேர்ப்பிக்க அசமுகி முற்பட்டாள். ஐயனாரின் ஏவலால் காவல் நின்ற மாகாளர் தோன்றி அவள் கையைத் துணித்தார். உடன் நின்ற துன்முகியின் கையும் துணிக்கப்பட்டது. படலத்தின் பெயரோ 'அசமுகி கரந்துணி படலம்'. இருவரின் கைகள் வீழ்ந்த இடத்திலே தலைப்பு ஒருத்திக்கே உரியதாயிற்று.

இதன்பின் நிகழ்ந்தவற்றை நாம் அறிவோம். அசமுகி மகேந்திரபுரி சென்று தமையனிடம் முறையிட்டாள். பானுகோபன் அமரர் நகரை அழித்தான். சயந்தனும் தேவரும் சிறை புகுந்தனர். அச்சிறையை மீட்கவே வீரவாகு தூது சென்றார். அசமுகியின் கை யுத்த காண்டத்திற்கே வாயிலாயிற்று. தோழியின் கைக்காக எவரேனும் சினந்தார் என்று பயன் சொல்ல நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இனி முடிவுக்கு வருவோம். சூரபன்மன் அண்டங்களை ஆண்டு தேவரை வருத்தியவன், கடைசிவரை பணியாதவன். அவனுக்கு என்ன கிடைத்தது? மாமரமாக நின்றவனை வேல் பிளந்தது. பிளவு இரண்டும் மயிலும் சேவலும் ஆயின. ஒன்று ஊர்தி, ஒன்று கொடி. இதனை நம் ஆசிரியர்கள் மறக்கருணை என்று விளக்குவர். தண்டித்து ஆட்கொள்ளுதல் என்னும் அந்தக் கருத்தின் ஆழத்தை நான் மறுக்கவில்லை. நம் சமயத்தின் பெருமை அங்கேதான் இருக்கின்றது. தாரகன் ஐயனாருக்கு யானையானான், சிங்கமுகன் தேவிக்குச் சிங்கமானான் என்று வழங்கும் கதைகளும் அக்கருணையையே பேசுகின்றன. சிங்கமுகனுக்கோ இன்னொரு பெருமையும் உண்டு. தேவரை விடுவிக்குமாறு அண்ணனுக்கு அறிவுரை கூறியவன், அது ஏற்கப்படாதபோதும் அவனை விட்டு நீங்காமற் களம் புகுந்தான். பட்டிமன்ற மேடைகளிலே இவனைக் கும்பகருணனோடும் கன்னனோடும் சேர்த்துச் செஞ்சோற்றுக் கடன் தீர்த்தவன் என்று புகழ்வோர் பலர். பெரியவன் தீயவனைப் பிரியாதிருந்தால் அது கடன். தோழியொருத்தி பிரியாதிருந்தால் அது தீயாரோடு இணங்கியதன் பயன். இஃது என்ன நியாயம்?

துன்முகி குற்றமற்றவள் என்று நான் வாதிடவில்லை. ஒரு பெண்ணைப் பலவந்தமாகக் கொண்டுசெல்லும் முயற்சிக்கு உடந்தையாக நின்றவளுக்குத் தண்டனை உண்டு என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. மாகாளர் வாளின்மீதும் எனக்கு முறையீடு இல்லை. அவ்வாள் வெட்டியதும் மறக்கருணையே என்று ஒருவர் விடையிறுக்கலாம். அப்படியாயின் மறம் கண்டோம், கருணை எங்கே? சூரனுக்கு வேலின் பின் மயில் உண்டு. துன்முகிக்கு வாளின் பின் சிரிப்புத்தான் உண்டு.

10,345 செய்யுள் பாடிய கச்சியப்ப சிவாசாரியார் துணைமாந்தர் ஒவ்வொருவரையும் பின்தொடர்ந்து செல்ல இயலுமா என்று கேட்பாரும் உளர். நியாயமான கேள்வியே. யுத்த காண்டத்திலே பெயரின்றி மடியும் அவுணர்க்கு எல்லை இல்லை. ஆயின் இவளுக்குப் பெயர் உண்டே! அப்பெயரைத்தான் பாருங்கள். சிங்கமுகன், அசமுகி என்பன முகத்தின் வடிவைச் சொல்வன. துன்முகி என்பதோ வடிவைச் சொல்லவில்லை. கெட்ட முகத்தாள் என்று தீர்ப்பையே சொல்லிவிடுகின்றது. விசாரணைக்கு முன்னரே தீர்ப்பு எழுதப்பட்டவள் இவள். (அறுபது ஆண்டுச் சுற்றிலே துன்முகி என்று ஓர் ஆண்டும் உண்டு, தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிய 1956 அவ்வாண்டே. பழியை அப்பெயர்மேற் போட யாரும் முன்வராதது வியப்பே.)

கவியை விட்டுவிடுவோம். குறை கவியிடத்தன்று, கேட்கும் நம்மிடத்தேயே உள்ளது. ஐப்பசிக் கந்தசட்டியிலே நம் கோயில் வீதிகளிற் சூரன்போர் நடைபெறுகின்றது. தோளிலே தூக்கி ஆட்டப்படும் சூரனுக்கு யானைத்தலையும் சிங்கத்தலையும் மாறி மாறிப் பூட்டப்படுகின்றன. ஈற்றிலே மாமரமும் சேவலும் மயிலும் வருகின்றன. சிறுவர்கள் ஒவ்வொரு தலைக்கும் ஆரவாரிக்கின்றனர். துன்முகிக்கு நான் கண்ட வீதி எதிலும் ஒரு மரத்தலைதானும் இல்லை. தோற்பதற்கும் தகுதி வேண்டும் போலும்.

இதெல்லாம் பழங்கதைதானே என்று பல்கலைக்கழகத்து நண்பர்கள் எண்ணக்கூடும். அவர்களைச் சற்று விடுதிப் பக்கம் அழைக்கின்றேன். 1997 இல் பேராதனையிலே தமிழ் மாணவன் ஒருவன் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தான். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. சட்டம் வந்தபின்னும் வதை ஓயவில்லை என்பதை நாமறிவோம். நான் அறிந்த ஒரு விடுதியிலே நள்ளிரவில் புதுமுகங்களை முழந்தாளிட வைத்தவர் ஒரு சிரேட்டர். பேச்சாளர், விளையாட்டு வீரர், எல்லோர்க்கும் வேண்டியவர். வாளியிலே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவன் அவர் அறையில் ஒண்டியிருந்த இரண்டாம் வருடத்தான். விசாரணை வந்தது. இருவருக்கும் ஒரே தண்டனை: ஓராண்டு வகுப்புத் தடை. அதிலே பிழை காணேன். ஆனால் ஆண்டு கழிந்து சிரேட்டர் திரும்பியபோது பிரிவுபசார விழாவிலே அவருக்கு மாலை விழுந்தது. "அடிபட்டுத் திருந்திய மனிதன்" என்று மேடையிலே பாராட்டும் கிடைத்தது. வாளி தூக்கியவன் திரும்பவில்லை. எங்கே போனான் என்று கேட்டேன். மண்டபத்திலே கேட்ட அதே சிரிப்பு.

ஏவியவன் திருந்தினால் அது வரலாறு ஆகின்றது. ஏவலைச் செய்தவனும் திருந்தக்கூடும் என்ற எண்ணமே நமக்குத் தோன்றுவதில்லை. அவனைக் கொடியவன் என்று வெறுக்கவும் நமக்கு நேரமில்லை. வெறுப்பாவது ஒருவகைக் கவனம். பகிடிவதையை ஒழிப்போம் என்று சுவரொட்டி ஒட்டுகின்றவர்கள் அந்த இரண்டாம் வருடத்தானிடம் ஒருமுறையேனும் சென்று, "நீ ஏன் வாளியைத் தூக்கினாய்?" என்று கேட்டிருக்க வேண்டும். அச்சமா, நட்பா, அறையில் ஓர் இடம் வேண்டுமென்ற கட்டாயமா? அவன் கூறும் விடையை அறியாமல் அடுத்த ஆண்டு வாளி தூக்கப்போகிறவனை எப்படித் தடுப்பது?

துன்முகியிடமும் அதே கேள்வி கேட்கப்படவில்லை. அசமுகி துருவாசரையே வலிந்து கூடி வில்வலனையும் வாதாவியையும் பெற்றவள். அத்தகையவள் "வா" என்று அழைத்தால் "வரேன்" என்று சொல்லக்கூடிய தோழி யார்? இதனைப் பயன் சொல்வோர் ஒருமுறை எடுத்துப் பேசலாகாதா? செய்யுளை மாற்றுமாறு கேட்கவில்லை. அடுத்த முறை எங்கள் மண்டபத்திலே கரந்துணி படலம் படிக்கப்படும்போது, இரண்டாவது கை விழும் இடத்திலே வாசிப்பவர் சற்று நிறுத்தட்டும். நான் அங்கே தூணருகில் இருப்பேன். கேள்வியை மறுபடியும் கேட்பேன்.